அப்பா லைனில் இருக்கிறார்

எங்கள் அப்பாவைப் போன்ற பொறுமைசாலியை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள். நம்பிக்கை இல்லையென்றால் எங்கள் வீட்டுக்கு வந்து, அவருடைய அறைக் கதவில் காதை வைத்துக் கேளுங்கள். நான் தினமும் அப்படித்தான் கேட்கிறேன்.

"கவலைப்படாதீங்க சார். மெதுவா பாருங்க. ஒரு அவசரமும் இல்ல. நான் லைன்லயே இருக்கேன்."

யாரோ ஒருவர் வீட்டில் இன்டர்நெட் வரவில்லை. அந்த ஆள் காது கிழியக் கத்துவார். அப்பாவுக்குக் கோபமே வராது. கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுப்பார்.

அதுதான் அப்பாவின் வேலை. இன்டர்நெட் கம்பெனியில் கஸ்டமர் கேர். வீட்டிலிருந்தே பார்க்கிறார். மற்றவர்களால் தீர்க்க முடியாத வில்லங்கமான புகார்கள் எல்லாம் கடைசியில் அவரிடம்தான் வந்து சேரும். ஏனென்றால் அவர் சீனியர்.

எனக்குப் பெருமைதான். ஆனால் மதியத்திலிருந்து இரவு வரைக்கும் அந்தக் கதவு மூடியே கிடக்கும். அம்மாவுக்கு வேறு ஊரில் வேலை. மாதத்துக்கு இரண்டு தடவைதான் வருவாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், என்னை வரவேற்க ஃபிரிட்ஜ் மட்டும்தான் இருக்கும். அதுவும் 'உர்ர்' என்றுதான் வரவேற்கும்.

அப்பா எப்போதாவது கதவை லேசாகத் திறந்து எட்டிப் பார்ப்பார். என்னைப் பார்த்துச் சிரிப்பார். உடனே உதட்டில் விரலை வைத்து 'உஷ்' காட்டிவிட்டு மூடிக்கொள்வார். ஒரு மாலை முழுவதற்கும் அப்பா எனக்குக் கிடைப்பது அவ்வளவுதான்.

நல்லவேளையாக எனக்கு லொடலொட இருந்தாள்.

லொடலொட என் தோழி. என் ஒரே தோழி. வாயைத் திறந்தால் மூட மாட்டாள் என்பதால் அந்தப் பெயர். அவள் என்னை உம்மணா என்று கூப்பிடுவாள். உம்மணாமூஞ்சி என்பதன் செல்லச் சுருக்கமாம். போன வருஷம் அவளுடைய அப்பாவுக்கு மாற்றல் வந்து, குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் தினமும் மாலை ஆறு மணிக்கு நாங்கள் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுவோம்.

ஹாலில் இருப்பது ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். வைஃபை என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. இன்டர்நெட் வரும் மோடம் அப்பாவின் அறையில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு நீளமான கேபிள், கதவுக்கு அடியில் நுழைந்து, சுவர் ஓரமாக வந்து இதன் முதுகில் சொருகியிருக்கும்.

கொஞ்ச நாளாக அந்தக் கம்ப்யூட்டருக்கு என்னவோ ஆகிவிட்டது. லொடலொட பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று அப்படியே நின்றுவிடுவாள். வாய் பிளந்தபடி, ஒரு கண் பாதி மூடியபடி, தும்மப் போகிறவள் மாதிரி. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை. ஒருநாள், அவள் கேட்கிறாள் என்று நினைத்து என் பள்ளிக்கூடக் கதையை எல்லாம் சொல்லி முடித்தேன். பார்த்தால், நான் அவ்வளவு நேரமும் ஒரு படத்தோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போன வாரம் லொடலொட ஒரு செய்தியோடு வந்தாள். அவர்கள் ஊர் நூலகத்தில் 'இரண்டு பேர் ஒரு கதை' என்று ஒரு போட்டி. இரண்டு பேர் சேர்ந்து ஒரு கதையை மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் வேறு ஊரில் இருந்தால்கூடப் பரவாயில்லையாம்.

"நீயும் நானும்தான்டி! நான் முதலை, நீ பல் டாக்டர்!" என்று குதித்தாள். குதித்த இடத்திலேயே, அந்தரத்தில் நின்றுவிட்டாள். வட்டம் சுற்றியது.

தினமும் இதே கதி. நேற்று அவள் குரலே மாறிவிட்டது.

"உம்மணா, எனக்கு ஒண்ணுமே கேட்கல. நாளைக்கு ஆறரை மணிக்குள்ள பேரு கொடுத்தாகணும். நாளைக்கும் இப்படி நின்னுச்சுன்னா நான் என் வகுப்பு பொண்ணுகூட சேர்ந்துக்குவேன். கோச்சுக்காதே."

"இல்ல இல்ல, நாளைக்குச் சரியாயிடும்!" என்றேன்.

அது அவளுக்குக் கேட்டதா இல்லையா, தெரியாது. அவள் ஏற்கெனவே நின்றுபோயிருந்தாள்.

அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளும் எவ்வளவுதான் பொறுப்பாள், பாவம். ஆனால் அவள் வேறு ஒருத்தியோடு முதலைக் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டால், அப்புறம் ஆறு மணிக்கு என்னைத் தேடுவாளா? 

அப்பாவிடம் சொல்லாமல் இருந்தேன் என்று நினைக்காதீர்கள். எத்தனை தடவை சொன்னேன்! "ஷிஃப்ட் முடியட்டும் குட்டி, பார்க்கிறேன்" என்பார். ஷிஃப்ட் முடிந்ததும் சோபாவில் உட்காருவார். உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். அவர் தலைமுடியில் ஹெட்செட் அழுத்திய தடம் பள்ளமாகத் தெரியும். அதைப் பார்த்தால் எனக்கு எழுப்பவே மனசு வராது.

ஊருக்கெல்லாம் இன்டர்நெட் வைத்தியம் பார்க்கிறவர் வீட்டிலேயே இந்த லட்சணம். யாரிடம் போய்ச் சொல்வது?

சரி, நாமே பார்த்துவிடுவோம் என்று இன்று பள்ளியிலிருந்து ஓடி வந்தேன். பையைத் தூக்கி எறிந்துவிட்டு, அப்பாவின் கதவுப் பக்கம் போய் உட்கார்ந்தேன். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமா? உள்ளேதான் ஒருவர் நாளெல்லாம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாரே!

"முதல்ல கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி, கொஞ்ச நேரம் கழிச்சு ஆன் பண்ணுங்க மேடம்," என்றார் அப்பா, யாரோ ஒருவரிடம்.

நானும் ஓடிப்போய் ஆஃப் செய்து, ஆன் செய்தேன்.

"பின்னாடி வேற ஏதாவது டவுன்லோடு ஓடுதா பாருங்க."

பார்த்தேன். எதுவும் ஓடவில்லை.

"இப்ப கேபிளைக் கழற்றி மறுபடி சொருகுங்க. 'டிக்'குன்னு ஒரு சத்தம் வரணும். வரலையா? பரவாயில்ல மேடம், இன்னொரு தடவை... அது கரண்ட் வயர் மேடம். அதைத் தொடாதீங்க. ஐயோ, அதை விட்டுடுங்க."

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். என்னுடையதில் 'டிக்' நன்றாகவே கேட்டது.

"கேபிள் சொருகின இடத்துல ஒரு குட்டி லைட் எரியும். பச்சையா, ஆரஞ்சா?"

மேசைக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பார்த்தேன். மூக்கெல்லாம் தூசி. ஆரஞ்சு.

"பச்சையா? அப்ப லைன் முழு வேகத்துல வருது. ஆரஞ்சுன்னா எங்கேயோ தடங்கல்னு அர்த்தம். உங்களுக்குச் சரியாயிடுச்சு மேடம். நன்றி, வணக்கம்."

அந்த மேடத்துக்குச் சரியாகிவிட்டது. எனக்கு ஆகவில்லை. அவருக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, தும்மிவிட்டு, அடுத்த கஸ்டமருக்காகக் காத்திருந்தேன்.

அடுத்து வந்தவரிடமும் அப்பா இதையெல்லாம் கேட்டார். அவருக்கும் ஆரஞ்சுதான் போலிருக்கிறது. அப்போது அப்பா ஒரு புதுக் கேள்வி கேட்டார்.

"எப்பலேர்ந்து சார் இப்படி இருக்கு? அதுக்கு முன்னாடி வீட்டுல எதையாவது நகர்த்தினீங்களா? புதுசா ஏதாவது மாட்டினீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அந்த சார் யோசித்தாரோ இல்லையோ, நான் யோசித்தேன்.

எப்போதிலிருந்து? போன மாதம். போன மாதம் என்ன நடந்தது? லொடலொட சொன்ன ஒரு ஜோக்குக்கு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அது அப்பாவின் ஹெட்செட் வழியாக ஒரு கஸ்டமருக்குக் கேட்டுவிட்டது. 'என் பிரச்சினையைப் பார்த்து யாரோ சிரிக்கிறாங்க' என்று அவர் புகார் கொடுத்துவிட்டார். இன்னொரு தடவை வீட்டுச் சத்தம் கேட்டால், இனி ஆபீஸுக்கே வந்துதான் வேலை பார்க்க வேண்டும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். ஆபீஸ் எங்கேயோ இருக்கிறது. போனால், கதவுக்குப் பின்னால்கூட அப்பா இருக்க மாட்டார்.

அதனால் அப்பா கதவின் அடியில் தடிமனான ஒரு ரப்பர் பட்டையை வைத்து அடித்தார். சத்தம் புகாமல் இருக்க. ஆணி எடுத்துக் கொடுத்தவளே நான்தான்.

மெல்லக் குனிந்து கதவின் அடியைப் பார்த்தேன். அடக் கடவுளே!

கேபிள் அந்த ரப்பருக்கு அடியில் மாட்டிக்கொண்டு, சப்பையாக நசுங்கிக் கிடந்தது. லேசாக இழுத்துப் பார்த்தேன். அசையவே இல்லை. அந்தப் பக்கம் கம்ப்யூட்டரின் விளக்கு ஒரு தடவை அணைந்து, மறுபடி ஆரஞ்சாக எரிந்தது.

கண்டுபிடித்துவிட்டேன்! ஆனால் என்ன பிரயோசனம்? கதவைத் திறந்தால்தான் கேபிளுக்கு விடுதலை. அப்பா பேசிக்கொண்டிருக்கும்போது கதவைத் திறக்கவும் கூடாது, தட்டவும் கூடாது. எட்டிப் பார்ப்பார், அப்போது சொல்லலாம் என்று பார்த்தால், இன்றைக்கென்று அழைப்புக்கு மேல் அழைப்பு. அப்பா எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மணி ஆறு ஆகப் போகிறது. கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். உள்ளே அப்பா யாருக்கோ, "நான் லைன்லயே இருக்கேன் சார்" என்றார். கையை இறக்கிவிட்டேன்.

யார் யாருக்கோ லைனில் இருக்கிறார். எனக்கு மட்டும் இல்லை. 

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. யார் கூப்பிட்டாலும் இருக்கிறார் அல்லவா? அப்படியென்றால் நானும் கூப்பிட்டால் என்ன?

ஹாலில் ஒரு பழைய பட்டன் போன் உண்டு. கஸ்டமர் கேர் நம்பர் எனக்கு மனப்பாடம். அழுத்தினேன். ஒரு பாட்டு ஓடியது. 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது' என்றது ஒரு குரல். அப்புறம் ஓர் அக்கா வந்தார்.

"அக்கா, கேபிள்ல பிரச்சினை," என்றேன். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன். சொருகியும் பார்த்துட்டேன். லைட் ஆரஞ்சுதான் எரியுது. கேபிள் ஒரு இடத்துல நசுங்கியிருக்கு. ஆனா என்னால சரி பண்ண முடியாது. உங்க சீனியர்கிட்ட கொடுக்கிறீங்களா?"

அந்த அக்கா அசந்துபோனார். "அடேங்கப்பா! இரும்மா, கொடுக்கிறேன்."

மறுபடி பாட்டு. அதற்குள் மணி ஆறு. கம்ப்யூட்டர் மணியடித்தது. லொடலொட திரையில் வந்தாள். "உம்மணா, கேட்..." என்றாள். நின்றுவிட்டாள். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "இருடி, இருடி" என்று அந்தப் படத்திடம் கெஞ்சினேன்.

பாட்டு நின்றது.

"வணக்கம். சொல்லுங்க, உங்களுக்கு என்ன உதவி வேணும்?"

ஒரு காதில் போனுக்குள்ளிருந்து அப்பா. இன்னொரு காதில் கதவு வழியாக, மங்கலாக, அதே அப்பா.

"சார், எங்க வீட்டுல நெட் ரொம்ப ஸ்லோ," என்றேன்.

உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது.

"கு..." என்று ஆரம்பித்தார். இருமினார். "சொல்லுங்க மேடம்."

உரையாடல் பதிவாகிறதே! 'ஏய் குட்டி, என்ன விளையாட்டு இது?' என்று அவரால் கேட்க முடியாது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பா என்னை மேடம் என்று கூப்பிட்டார்.

"கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்தீங்களா மேடம்?"

"பார்த்தேன் சார்."

"கேபிளைக் கழற்றிச் சொருகினீங்களா?"

"டிக்குன்னு கேட்டுச்சு சார்."

"லைட்டு?"

"ஆரஞ்சு சார்."

"எல்லாத்தையும் சரியா பார்த்திருக்கீங்களே மேடம். யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"நீங்கதான் சார். மத்தவங்களுக்குச் சொல்லும்போது கதவுப் பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக்கிட்டேன்."

 அப்பா வழக்கமான கேள்வியைக் கேட்டார். குரல் மட்டும் வழக்கமாக இல்லை.

"எப்பலேர்ந்து மேடம் இப்படி? அதுக்கு முன்னாடி வீட்டுல ஏதாவது புதுசா மாட்டினீங்களா?"

"ஒரு ரூம் கதவுக்கு அடியில ரப்பர் பட்டை அடிச்சோம் சார். கேபிள் அதுல மாட்டி நசுங்கிக் கிடக்கு."

"ரப்பர் எதுக்கு மேடம்..." கேட்ட பிறகு, ஏன் கேட்டோம் என்று அவருக்கே ஆகியிருக்கும்.

"வீட்டுல ஒரு பொண்ணு இருக்கா சார். அவ சிரிக்கிற சத்தம் உள்ள கேட்கக் கூடாதுன்னு."

அவரைக் குத்திக்காட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேட்டார், பதில் சொன்னேன். ஆனால் சொன்ன பிறகு என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"அந்தப் பொண்ணு இப்பல்லாம் சிரிக்கிறாளா மேடம்?" அப்பாவின் குரல் ரொம்பச் சின்னதாக வந்தது.

"இல்ல சார். அதான் நெட் ஸ்லோவாயிடுச்சே."

"கதவைத் திறந்து பார்த்தீங்களா?"

"நான் திறக்க மாட்டேன் சார். உள்ள ஒருத்தர் வேலை பார்க்கிறார். சத்தம் கேட்டா அவரை ஆபீஸுக்கு வரச் சொல்லிடுவாங்க. அப்புறம் வீட்டுல அவர் குரல்கூட இருக்காது. எனக்கு நெட் வேணும் சார். ஆனா அதுக்காக அவர் போக வேண்டாம்."

"நீங்க திறக்க வேண்டாம் மேடம்," என்றார் அப்பா. "அப்படியே லைன்ல இருங்க. நானே நேர்ல வந்து பார்க்கிறேன்."

கஸ்டமர் கேரில் யாராவது நேரில் வருவார்களா? எங்கள் வீட்டில் வந்தார்கள். கதவு திறந்தது. காதில் ஹெட்செட்டோடு அப்பா நின்றார். அதன் வயர் மேசை வரைக்கும் விறைப்பாக இழுத்துக்கொண்டு நின்றது. அதற்குமேல் ஓர் அடிகூட அவரால் வர முடியாது. அங்கேயே மண்டிபோட்டு, நசுங்கிய கேபிளை ரப்பரிலிருந்து மெதுவாக விடுவித்தார். விரலால் நீவி நிமிர்த்தினார்.

"இப்ப லைட்டைப் பாருங்க மேடம்," என்றார் மைக்கில். கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

மேசைக்கு அடியில் பாய்ந்தேன்.

"பச்சை சார்! பச்சை!"

தலைக்கு மேலே ஒரு குரல் வெடித்தது. "...கேட்குதா இல்லையாடி? கத்திக் கத்தி எனக்குத் தொண்டையே போச்சு! பேரு கொடுக்கட்டுமா, வேண்டாமா? கடைசியா கேட்கிறேன்!"

எழுந்த வேகத்தில் மேசையில் தலையை இடித்துக்கொண்டேன். "கொடு! கொடு! நான் பல் டாக்டர்! கொடுடி!" என்று கத்தினேன்.

வீடே அதிர்ந்தது. நான் பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தேன். அவர் உதட்டில் விரலை வைக்கவில்லை. சத்தம் போட்டதே கஸ்டமர்தான். யார் போய்ப் புகார் கொடுப்பது?

"வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?" என்றார்.

"ஆமா சார். உங்க டீ பிரேக்கை தினமும் ஆறு மணிக்கு மாத்திக்க முடியுமா? அப்ப கதவும் திறந்திருக்கும், நானும் சத்தமா பேசலாம், யாருக்கும் தொந்தரவு இல்ல."

அப்பா திருதிருவென்று விழித்தார். இத்தனை எளிய வழி இத்தனை நாள் தோன்றவில்லையே என்று நினைத்திருப்பார். "மேலிடத்துல கேட்டுச் சொல்றேன் மேடம். முடியும்னுதான் நினைக்கிறேன்," என்றார்.

அழைப்பு முடிந்ததும் போனில் அந்தப் பதிவுக் குரல் வந்தது. 'எங்கள் சேவைக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கொடுங்கள்.' நான் ஓர் எண்ணை அழுத்திவிட்டு லொடலொடவிடம் ஓடினேன்.

அவள் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். நாங்கள் கதையை ஆரம்பித்தோம். முதலைக்குப் பல் வலி. வாயைத் திறக்கச் சொன்னால் டாக்டரையே விழுங்கிவிடும். லொடலொட முதலை மாதிரி அழுதாள். ஒரு தடவைகூட நிற்கவில்லை. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

நடுவில் அவள் என் தலைக்கு மேலே பார்த்தாள். "அட, அங்கிள்! நீங்க வெளியிலகூட வருவீங்களா?"

திரும்பினேன். அப்பா இடைவேளை கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, என் பின்னால் நின்றிருந்தார். ஹெட்செட் இல்லாமல் அவர் தலை வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"நாளைக்குப் புது கேபிள் வாங்கிடறேன்," என்றார். "இது உள்ள அடிபட்டிருக்கும், ரொம்ப நாள் தாங்காது. ரப்பர்லயும் அது போக ஒரு வழி வெட்டிவிடறேன்."

"சரிப்பா."

"அது இருக்கட்டும்." அப்பா இடுப்பில் கை வைத்தார். "நேர்ல வந்து சரி பண்ணிக் கொடுத்திருக்கேன். என் ஸ்கிரீன்ல பார்த்தா நாலு மார்க்தான் வந்திருக்கு. ஏன் மேடம் ஒண்ணைக் குறைச்சீங்க?"

"அஞ்சு கொடுத்தா நீங்க அடுத்த கஸ்டமர்கிட்ட போயிடுவீங்க," என்றேன். "நாலு கொடுத்தா, ஏன் குறைச்சேன்னு கேட்க வருவீங்கல்ல?"

 அப்பா ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"சரி," என்றார், "அந்த முதலைக்கு அப்புறம் என்னாச்சு?"